மூன்று பேர் உட்காரும் பெஞ்சு

அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் இறந்த வருஷத்திலிருந்து, மூத்தவள் பள்ளிக்கு வராத நாளெல்லாம் அவளுடைய பெஞ்சு எழுந்து அவளைத் தேடிப் போனது. டெஸ்க்கோடு சேர்ந்து மூன்று பேர் உட்காரும் பெஞ்சு அது என்பதுதான் சிக்கல். மருந்துக்கடைக்காரர் மகளும் கண்டக்டர் மகளும் பாதிக் கணக்கோடு அதில் உட்கார்ந்தபடியே கடைத்தெரு வழியாகப் போவார்கள். பெரியப்பா வீட்டுப் பின்பக்கம் மூத்தவள் துணி துவைத்துக்கொண்டிருப்பாள். பெஞ்சு பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். பெரியம்மா அதன்மேல் ஈரத்துணியைக் காயப்போடுவாள்.

பெரியப்பா கெட்டவரில்லை. மூத்தவளின் தம்பியை ஒரு நாள்கூடத் தவறாமல் பள்ளிக்கு அனுப்பினார். அவளிடம்தான் "இன்னைக்கு ஒரு நாள்தானே" என்று அடிக்கடி சொன்னார். அவள் வராதது அதுவரை யார் கண்ணிலும் படவில்லை. தங்கள் பெண்களுக்குப் பாடம் போனதும்தான் ஊருக்குத் தூக்கம் போனது.

"எம் பொண்ணுக்கு வகுத்தலே தெரியல சார்," என்று பெரியப்பாவிடம் முறையிட்டார் மருந்துக்கடைக்காரர்.

"சோறு போடறேன், துணி எடுத்துத் தரேன். இதுக்கு மேல நான் என்ன செய்யணும்?" என்றார் பெரியப்பா.

ஊர் கூடிப் பேசி, மூத்தவளை மட்டும் ஊருக்கு வெளியே இருந்த பெண்கள் இல்லத்தில் சேர்த்தது. வேளாவேளைக்குச் சாப்பாடு, படிக்க விளக்கு, உள்ளேயே பள்ளி, எல்லாம் சரியாக இருந்தது. பெஞ்சுதான் சமாதானமாகவில்லை, தினமும் மதியத்துக்குள் இல்லத்து வாசலில் போய் நின்றது. கூடப் போன இருவரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மூத்தவள் புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாள், பக்கத்தைத் திருப்பவே இல்லை. "தம்பி சாப்பிட்டானா?" என்று மட்டும் கேட்டாள்.

மகள் வந்து சொன்னதைக் கேட்டு கண்டக்டருக்கு மனசு ஆறவில்லை. நூல் ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்த்த மூத்தவளின் சித்தியைத் தேடிப் போனார். கல்யாணமாகாதவள், ஒற்றை அறையில் இருப்பவள் என்று அவளை யாரும் பொருட்படுத்தியிருக்கவில்லை.

"பிள்ளைங்களை வச்சுக்கறேன்னு நீ ஏம்மா சொல்லல?"

"சொன்னேன்ணே. யாரும் காதுலயே போட்டுக்கல."

பிள்ளைகள் இருவரும் சித்தியிடம் வந்தார்கள். கால் நீட்ட இடமில்லை, ஆனாலும் சந்தோஷமாக இருந்தார்கள். சித்தி வேலை முடிந்து வந்ததும் "இன்னைக்கு என்ன நடத்தினாங்க?" என்று கேட்பாள், பாதிப் பதிலில் தூங்கிவிடுவாள். தூங்குகிறவளுக்கே மூத்தவள் மீதிப் பாடத்தையும் சொல்லி முடிப்பாள். பெஞ்சு வருஷா வருஷம் அடுத்த வகுப்புக்கு மட்டும் நடந்தது, மற்றபடி அசையவில்லை.

பள்ளியிறுதித் தேர்வன்று தம்பிக்குக் கடும் காய்ச்சல். சித்தி ஆலைக்குள் இருந்தாள். போகாவிட்டால் ஒரு வருஷப் படிப்பு போச்சு என்று மூத்தவளுக்குத் தெரியும். இருந்தும் அவள் போகவில்லை; தம்பி நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதாள்.

தேர்வு அறையில் வினாத்தாள் கொடுத்ததும் பெஞ்சு எழுந்தது. கண்காணிப்பாளர் மூத்தவளின் வினாத்தாளை எடுத்துக்கொண்டு, "பேசக் கூடாது, பக்கத்துல பாக்கக் கூடாது" என்று சொல்லியபடியே பின்னால் நடந்தார். சித்தி வீட்டு வாசல் குறுகல் என்பதால் பெஞ்சு சந்திலேயே நின்றது. மூத்தவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து தம்பி தண்ணீர் கேட்டான். அவள் எழப் போனாள்.

"நீ எழுதும்மா, நான் பாத்துக்கறேன்," என்று கண்காணிப்பாளர் உள்ளே போனார். நேரம் முடியும்வரை அவர் தம்பியின் பக்கத்திலேயே இருந்தார். சந்தில் மூன்று பெண்களும் தலை நிமிராமல் எழுதினார்கள்.