கடிபட்ட இலை

ஃபோனில் நடக்கிற மலைப்பூக் குழுவில் ஒரே ஒரு சட்டம்தான். பூவின் பெயரைச் சொல்லலாம், அது பூக்கிற இடத்தைச் சொல்லக் கூடாது. ராணியா என்ற மலையூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஷிலான் போட்ட சட்டம் அது. சும்மா ஒன்றும் போடவில்லை. போன வசந்தத்தில் ஒரு மகராசன், சாகக் கிடக்கிற அம்மா கடைசியாக ஒருதடவை கறுப்பு ஐரிஸ் பூவைப் பார்க்க ஆசைப்படுகிறாள் என்று அழுது எழுதினான். இவளும் மனம் இளகி இடத்தைச் சொல்லித் தொலைத்தாள். மூன்றே நாளில் பாவிகள் மண்வெட்டியோடு வந்து ஒரு கிழங்கு விடாமல் தோண்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தக் குழிகளைப் பார்த்த அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருடம் நவ்ரோஸ் புத்தாண்டு முடிந்த இரண்டாம் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, ஹப்ஸா என்ற பெயரில் முகமில்லாத கணக்கிலிருந்து ஒரு போட்டோ வந்தது. பாறை வெடிப்பில் ஒரு மொட்டு. அதன் ஓர் இலையின் நுனியை ஆடு கடித்திருந்தது.

“நேத்து மத்தியானம் என் பையன் அனுப்பினான். இன்னும் வீடு திரும்பல. இந்தப் பூ எங்கே இருக்கும்மா?”

பார்த்த மாத்திரத்தில் ஷிலானுக்குத் தெரிந்துவிட்டது. ஊதா மொட்டில் மஞ்சள் வரி ஓடுகிற ஐரிஸ், சியாகேவ் மலையின் வடக்குச் சரிவைத் தவிர வேறெங்கும் கிடையாது.

குழுவை அவளோடு சேர்ந்து நடத்துகிற தெலிர் என்பவனின் மருந்துக்கடையில் அப்போது அவள் இருந்தாள். அவன் எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

“போன வருஷம் அம்மா, இந்த வருஷம் பிள்ளையா? நல்லாத்தான் கதை கட்டுறானுங்க! இன்னொரு தடவை ஏமாந்தீங்க, உங்களையே குழுவை விட்டுத் தூக்கிடுவேன் டீச்சர்.”

‘இது ஐரிஸ். இடம் சொல்வதில்லை’ என்று எழுதினாள் ஷிலான். மேலும் நாலு தடவை செய்தி வந்தது. கடைசியில், “உங்க கால்ல விழறேன்” என்றிருந்தது. ஷிலான் அந்தக் கணக்கையே தடுத்துவிட்டாள். மலையைக் காப்பாற்றிவிட்ட திருப்தி வேறு!

திங்கட்கிழமை சியாகேவின் வடக்குச் சரிவில், கால் முறிந்து செத்துக் கிடந்த ஹேமின் என்ற இளைஞனை ஓர் ஆட்டிடையன் கண்டெடுத்தான். ஊரே அதுவரை எதிர்மலையில் தேடிக்கொண்டிருந்தது. செய்தியில் தாயின் பெயர் ஹப்ஸா என்று படித்ததும், ஷிலான் தான் தடுத்த கணக்கைத் திறந்து அந்தப் போட்டோவை மறுபடி பார்த்தாள்.

நாற்பதாம் நாள் கழிந்து அந்தத் தாய் பள்ளிக்கே வந்தாள். வைய வந்திருப்பாள் என்று ஷிலான் எழுந்து நின்றாள். அவளோ மேசையில் மூன்று படங்களைப் பரப்பினாள்.

“ஃபோன் நொறுங்கிப் போச்சு. அவங்கப்பாவோட பழைய பிலிம் கேமரா கழுத்துல கெடந்துச்சு. நேத்துதான் படம் கழுவிக் குடுத்தாங்க. எல்லாம் ஒரே பூவா?”

விரிந்த பூ, தொய்ந்த பூ, சுருண்டு வாடிய பூ. மூன்றும் கீழே கிடந்தபடி அண்ணாந்து எடுத்தவை. மூன்றிலும் அதே கடிபட்ட இலை.

“ஒரே பூதாம்மா.”

“அப்ப எத்தனை நாள் உசுரோட இருந்தான்?”

ஒரே நாள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் தாய்க்கும் ஆறுதல், தனக்கும் விடுதலை. அந்த இரண்டாவதை நினைத்ததும் ஷிலானுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“பொய் சொல்லிராதீங்க,” என்றாள் ஹப்ஸா. “ஆறுதல் சொல்ல ஊரே இருக்கு. பூவைத் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தான்.”

“நாலு நாள்மா. மொட்டு விரிஞ்சு இப்படி வாட அவ்வளவு நாளாகும். சனிக்கிழமை வரைக்கும்.”

ஹப்ஸா புதன் தொடங்கி விரல் மடக்கினாள். இரண்டாம் விரலிலேயே நின்றுவிட்டாள்.

“நான் உங்களுக்கு எழுதினது வியாழக்கிழமை காலைல.”

“தெரியும்மா.” ஷிலானுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

ஹப்ஸா இரண்டு படங்களை உறையில் போட்டுக்கொண்டாள். “வாடினதை நீங்க வச்சுக்குங்க,” என்று மேசையிலேயே விட்டுவிட்டுப் போனாள்.