இடது கால் வைக்கும் இடம்

ஃபியொரென்ஸோ மோதல் சோதனைக்கான ஆள் பொம்மையின் இடது முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். கார் மோதும்போது பொம்மையின் கால் எங்கே இடிக்கிறதோ அங்கே சாயம் ஒட்டிக்கொள்ளும், அதற்காகத்தான் பூசுவது. எந்த நிறமும் பூசலாம். ஆனால் இத்தாலியின் தூரின் நகரில் உள்ள இந்தச் சோதனைக் கொட்டகையில் இருபத்தாறு வருஷமாக இடது காலுக்கு அவன் சிவப்பைத் தவிர வேறு தொட்டதில்லை. மற்ற உறுப்புகளுக்கெல்லாம் கைக்கு வந்த நிறம்தான்.

"இந்தத் தடவையாவது இவன் காலைக் காப்பாத்துவியாடி?" என்றான்.

"வாயைக் கழுவு" என்றேன்.

அவன் என் அண்ணன். பொம்மைகளை உட்காரவைப்பது அவன் வேலை. அவை உட்காரும் மின்சாரக் காரின் முன்பக்க எலும்புக்கூட்டை வரைவது என் வேலை. மார்ச்சில் என் முதல் கார் இதே தடுப்பில் மோதியபோது, இடது கால் வைக்கும் இடம் பதினெட்டு சென்டிமீட்டர் உள்ளே வந்துவிட்டது. இன்றும் அப்படியானால் வேலை வேறு ஊர்க் குழுவுக்குப் போய்விடும். போகட்டும். அண்ணன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்பதுதான் என் கவலை.

எண்பத்தெட்டு ஆகஸ்ட். எனக்குப் பதினைந்து, அவனுக்கு இருபது. கடலுக்குப் போகலாம் என்று உயிரை வாங்கியது நான்தான். வெள்ளைச் சின்னக் கார், ஜன்னல்களை இறக்கிவிட்டிருந்தோம், என் மடியில் பீச் பழப் பை. பழச்சாறு முழங்கை வரை வழிய, அதை அவன் சட்டையிலேயே துடைத்தேன். ஒவ்வொரு வளைவிலும் "எங்க போகலாம், மகாராணி?" என்பான். "கடலுக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துவேன். அப்படி ஒரு சந்தோஷம் அப்புறம் எனக்கு வாய்க்கவேயில்லை, என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சேவா என்ற ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரி எங்கள் பக்கம் ஏறி வந்தது. எஞ்சின் அவன் காலடிக்கே வந்துவிட்டது. கிளட்சை மிதித்திருந்த கால் கணுவோடு நொறுங்கியது. எனக்கு பெல்ட் இழுத்த தடம் மட்டும். கடல் வரை நாங்கள் போகவில்லை. அதற்கப்புறம் அவன் கார் ஓட்டவுமில்லை.

அன்றிலிருந்து எஞ்சின் என் ஜென்ம விரோதி. மின்சாரக் கார் வேலை கைக்கு வந்தபோது எனக்கு வாயெல்லாம் பல். முன்னால் வெறும் இடம்! காலில் வந்து விழ ஒன்றுமேயில்லை! அந்த இடத்தை ஆசை ஆசையாகக் காலியாகவே விட்டேன். ஒரு பக்கம் வாங்கும் இடியை மறுபக்கச் சட்டத்துக்கும் பங்கு போட்டுக் கொடுப்பது குறுக்கே கிடக்கும் அந்த எஞ்சின்தான் என்று படித்தவளுக்குத் தெரியாதா? தெரியும். கணினிக் கணக்கும் முணுமுணுத்தது. நான்தான் கேட்கவில்லை. வெறுப்பு கண்ணை மறைத்துவிட்டது.

மார்ச் சோதனை முடிந்து நான் அழுதுகொண்டிருந்தபோது அண்ணன் காப்பியோடு வந்தான். "என் காலை உடைச்சது அந்த எஞ்சின்தான். ஆனா அது குறுக்க கெடக்கலைன்னா உனக்கு அண்ணனே இருந்திருக்க மாட்டான்டி. திட்டு, வேணாங்கல. அது செஞ்ச வேலைய யாராவது செய்யணும்ல?"

மறுநாளே காரின் முன்பக்கம் இரண்டு ஓரமும் ஓடும் நீளச் சட்டங்களுக்கு நடுவே ஒரு குறுக்குச் சட்டம் வரைந்தேன். இடி இரண்டு பக்கமும் பிரிந்து, பேட்டரியைச் சுற்றியிருக்கும் சட்டகத்துக்குள் இறங்க வேண்டும்.

மணி ஒலித்தது. விளக்குகள் கண்ணைக் கூசவைத்தன. அறுபத்து நான்கு கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார், முகத்தின் இடது பாதியைத் தடுப்பில் கொடுத்தது.

மின்கசிவு பார்க்கும் தாமியானோ ரப்பர் கையுறையோடு முன்னால் போனான். "நான் சொல்ற வரைக்கும் ஒரு ஈ காக்கா கிட்ட வரக்கூடாது!" என்றான். நான்கு நிமிஷம். நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டேன்.

"கசிவு இல்ல. வாங்க."

அண்ணன் ஒற்றைக் கையால் இழுத்தான், கதவு திறந்துகொண்டது. படம் எடுத்து, இரண்டு பொம்மைகளையும் இறக்கினார்கள். அளவுக் கருவி வருவதற்குள் அவன் தன் வழக்கப்படி இடது ஷூவைக் கழற்றிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தான். மடங்காத கணுக்கால் அது, நம் காலைவிட அதிக இடம் கேட்கும். மார்ச்சில் பாதியிலேயே சிக்கிக்கொண்டது. இப்போது மெதுவாக உள்ளே விட்டான்.

கால் முழுசாகப் போனது.

"இந்தக் கார்ல கிளட்சே இல்ல. இதுக்கு ஒரு வேலையும் கெடையாது" என்று காலைப் பார்த்துச் சிரித்தான். "இருந்தாலும் இடம் இருக்குடி, நீவெஸ்."

பக்கத்து இருக்கையில் கிடந்த கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டான். "ஏறு."

"அளவெடுக்க வராங்க, எறங்கு."

"வரட்டும். ஏறுன்னா ஏறு."

ஏறி உட்கார்ந்தேன். எங்களுக்கு முன்னால் காரின் மூக்கு இருந்த இடத்தில் கசங்கிய தகரமும், அதற்கப்பால் தடுப்பும். ஸ்டியரிங்கில் தொங்கிய காற்றுப்பையை ஒதுக்கிவிட்டு, முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, அண்ணன் இரண்டு கையாலும் அதைப் பிடித்தான்.

"எங்க போகலாம், மகாராணி?"