விழாமல் நின்ற எஃகு

1

சரியாக அடி வாங்கிய எஃகு ஏன் விழவில்லை? மூன்று வாரமாக வெர்னா ஹ்லாட்கி கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் கேட்கிறாள். என்னிடம் மட்டும் நான்கு முறை கேட்டுவிட்டாள். நான்காவது முறை பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். இந்தக் கதை உருவானது அப்படித்தான்.

முதல் தொடக்கம்: "நெப்ராஸ்காவின் மேற்கே காற்று எப்போதும் ஒரு..." வேண்டாம். காற்றைத் தொட்டால் எனக்கு உவமை நிற்காது.

இரண்டாவது: "வெர்னாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. வாரநாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள். சனிக்கிழமைகளில் எங்கள் துப்பாக்கிக் கிளப்பின் எஃகு இலக்குகள் அவள் பொறுப்பு."

இது இருக்கட்டும்.

2

காகித இலக்கைச் சுட்டால் நடந்துபோய் ஓட்டையைத் தேட வேண்டும். எஃகு அப்போதே பதில் சொல்லிவிடும். ஒலிக்கும், ஆடும், அல்லது மல்லாந்து விழும். அதனால்தான் பழகுகிறவர்களுக்கு அதன்மேல் அவ்வளவு ஆசை. ஆனால் பராமரிக்காத எஃகு சுட்டவனையே திருப்பிக் கடிக்கும்.

வெர்னா ஒவ்வொரு தகட்டையும் கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்ப்பாள். பரப்பு வழவழப்பாக இருந்தால் பிஸ்டல் குண்டு பட்டதும் பொடியாகி ஓரமாகச் சிதறும். அம்மைத் தழும்பு மாதிரி ஒரு குழி இருந்தால் போதும், ஈயத்துண்டு சுட்டவன் முகத்துக்கே திரும்பி வரும். குழி விழுந்த தகட்டை அவள் வெல்டிங் வைக்க விடமாட்டாள். சூடு பட்டால் எஃகின் கடினம் போய்விடும். தகடுகள் எல்லாம் தரையைப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். அவளோடு ஸ்ப்ரே பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். பதினாறு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். நடேசன் என்ற பெயர் இங்கே நேட் ஆகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் ஆரின் டீக் பிஸ்டல் தகட்டில் ரைஃபிளால் சுட்டார். ஒன்பது குழி. சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்றவர். எஃகைப் பற்றித் தெரியாதவர் இல்லை.

"கண்ணு தெரியலையா, கொழுப்பா?" என்றாள் வெர்னா.

"ஒரு தகட்டுக்கா இந்தக் குதி குதிக்கிற?"

"தகட்டுக்கு இல்ல ஆரின். அடுத்து இங்க நிக்கப்போறவன் கண்ணுக்கு."

ஒரு மாதம் அவரை ரேஞ்சுக்குள், அதாவது சுடும் மைதானத்துக்குள், விடவில்லை. அதோடு பேச்சும் நின்றது.

(ஆரினை முதல் வரைவில் வில்லனாக எழுதினேன். சரியாக வரவில்லை. மூட்டுவலியால் விரல்கள் கோணிப்போன மனிதர் அவர். துப்பாக்கியின் உதைப்பு குறைய வேண்டுமென்று, விதி அனுமதிக்கும் கடைசி எல்லைவரை வெடிமருந்தைக் குறைத்துத் தன் தோட்டாக்களைத் தானே நிரப்பிக்கொள்வார். ஏழு வருடம் இரண்டாம் இடம். இப்படிப்பட்டவரை எப்படி வில்லனாக்குவது?)

3

இலையுதிர்காலத்தின் கடைசிப் போட்டி. காலையில் காற்று பேயாக அடித்தது. மைதானத்தின் கோடியில் நின்ற பாப்பரை யாரும் சுடாமலே கவிழ்த்துக்கொண்டிருந்தது. பாப்பர் என்பது இடுப்பளவு உயர எஃகுப் பலகை. காலில் கீல் இருக்கும். அடி பட்டால் பின்பக்கம் விழும். எவ்வளவு அடிக்கு விழ வேண்டும் என்பதைப் பின்னால் இருக்கும் ஒரு போல்ட் தீர்மானிக்கும். வெர்னா அதைக் கால் சுற்று முறுக்கினாள்.

பதினோரு மணிக்குக் காற்று நின்றது. போல்ட்டைத் தளர்த்த வேண்டுமென்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதற்குள் சங்கிலி அறுந்த தகடொன்றைச் சரிசெய்யக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள். ஒவ்வொருவரும் சுட்டு முடித்ததும் பாப்பரை நிமிர்த்தி வெள்ளை அடித்துக்கொண்டிருந்தது நான்தான்.

கடைசிக்கு முந்தியவராக ஆரின் வந்தார். அதுவரை முதலிடம் அவருக்கு. ஒவ்வொரு தகடாக விழுந்தது. கடைசியில் பாப்பர். டங்கென்று ஒலித்தது, பின்னுக்கு அசைந்தது, பழையபடி நின்றது.

இன்னொரு குண்டு போட்டிருந்தால் விழுந்திருக்கும். நேரம் போயிருக்கும், வெற்றியும் போயிருக்கும். ஆரின் போடவில்லை. துப்பாக்கியைக் காலி செய்து காட்டி உறையில் வைத்தார்.

"அடி பட்டுச்சு, விழல. சோதிச்சுப் பாருங்க."

4

நடுவர் மெரிட் போம், இப்படி விழாமல் நின்ற பலகையைச் சுட்டுப் பார்க்கவென்றே வைத்திருக்கும் சோதனைத் துப்பாக்கியை எடுக்கத் தன் வண்டிக்குப் போகுமுன் சொன்னான்: "யாரும் அதைத் தொடக் கூடாது. நேட், அடி எங்க பட்டிருக்குன்னு மட்டும் பாத்துட்டு வா. கைய பாக்கெட்ல வச்சுக்க."

போனேன். புது வெள்ளையில் சாம்பல் நிறத் தடம், அடி பட வேண்டிய வட்டத்துக்குள், நடுவில், கொஞ்சம் கீழே. திரும்பி வந்து சொன்னேன்.

மெரிட் வந்து கோட்டில் நின்றபோது வெர்னா குறுக்கே போனாள்.

"சுடறதுக்கு முன்னாடி ஒண்ணு. காலைல காத்துக்காகப் போல்ட்டைக் கால் சுத்து முறுக்கினேன். அப்புறம் தளர்த்தல. அது என் தப்பு."

இரண்டு வருடத்தில் முதல்முறையாக ஆரின் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இதை நீயா சொல்ற?"

"முறுக்கினது நான்தான? வேற யாரு சொல்லுவா?"

"நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு வெர்னா," என்றான் மெரிட். "விதிக்குக் காது இல்ல. ஒரே குண்டு. விழுந்தா ஆரினுக்குத் தவறின கணக்கு. விழலன்னா அவர் மறுபடி சுடலாம்."

சுட்டான். பாப்பர் மறுபேச்சில்லாமல் மல்லாந்தது.

எட்டாவது முறையாக ஆரின் இரண்டாம் இடம்.

5

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் எல்லோரும் வண்டியேறிப் போனபிறகும் அவர்கள் இருவரும் போகவில்லை.

"உன் போல்ட்டா, என் தோட்டாவான்னு பாத்துருவமா?" என்றார் ஆரின்.

"தோட்டா மிச்சம் இருக்கா?"

"முப்பது."

போல்ட் இருந்தபடியே பத்து. பத்துக்கும் பாப்பர் விழுந்தது. தளர்த்திப் பத்து. அதற்கும் விழுந்தது. வெர்னா இன்னும் கால் சுற்று முறுக்கினாள், பத்தில் எட்டு. ஒவ்வொன்றுக்கும் அவள் ஓடிப்போய் நிமிர்த்தி, குனிந்து கீலைப் பார்த்தாள். சாயங்கால வெயிலில் இருவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு போல்ட்டின் திருகு மரைகளை எண்ணினார்கள். இரண்டு வருட மௌனம் எந்தக் குண்டில் உடைந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"அப்ப எஃகுல குத்தமில்ல," என்றார் ஆரின். "தோட்டாலயும் இல்ல. கை நடுங்கி ஓரத்துல பட்டிருக்கும்."

"ஓரம் இல்லையே. நேட் பாத்தானே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நடுவுலதான்," என்றேன்.

ஆரின் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். "அப்ப எனக்குப் புரியல," என்றார். அடுத்த வருடப் போட்டிகளுக்குப் பெயர் கொடுத்தவர்கள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. தன் கையை இனி நம்ப முடியாது என்று மெரிட்டிடம் சொன்னாராம். வெர்னாவோ, பேருந்து ஓட்டும் சீருடையிலேயே காகிதத்தில் கீலை வரைந்துகொண்டு வந்து என்னிடம் நீட்டுகிறாள். "எதையோ பாக்காம விட்டுட்டேன் நேட். என்னது அது?"

6

நான்காம் பகுதியில், "திரும்பி வந்து சொன்னேன்" என்பதற்கு முன் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். நான்கு வரைவிலும் அதை எழுதாமல் தாண்டிவிட்டேன்.

ஆரினுக்கு முன்னால் சுட்டவர் முடித்ததும் பாப்பரை நிமிர்த்தினேன். மண் பறிந்து அதன் அடித்தட்டு ஆடியது. ஒரு தட்டைக் கல்லை எடுத்துப் பின்பக்க விளிம்புக்கடியில் செருகினேன். ஆட்டம் நின்றது. பலகை விரல்கடை அளவு முன்னுக்குச் சாய்ந்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. பின்னுக்கு விழ வேண்டிய எஃகு அது.

மெரிட் பார்த்துவரச் சொன்னபோது கல்லைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கை பாக்கெட்டில்தான் இருந்தது. குதிகாலால் தட்டிவிட்டேன். கல் போனதும் அடித்தட்டு பழையபடி மண்ணில் உட்கார்ந்தது. சோதனைக்கு முன் யாராவது அதை அசைத்துவிட்டால் சோதனையே செல்லாது, சுட்டவருக்கு மறுவாய்ப்பு. அந்த விதி எனக்கு மனப்பாடம். அரைகுறை வேலை செய்துவிட்டேன் என்று வெர்னாவுக்குத் தெரியக் கூடாது, அவ்வளவுதான் அந்த நேரத்தில் தோன்றியது. அவளோ அடுத்த ஐந்தாவது நிமிடம் தன் தப்பை எல்லோர் முன்னாலும் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரு முடிவு: சொல்லிவிடுகிறேன். ஆரின் தன் கையைத் திரும்ப நம்புகிறார். என்னைக் கிளப்பை விட்டு அனுப்புகிறார்கள். வெர்னா பெயின்ட் டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொள்கிறாள்.

இன்னொரு முடிவு: சொல்லவில்லை. ஆரின் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். வெர்னா... (இதை முடிக்க முடியவில்லை.)

அவர்கள் இருவருக்கும் தமிழ் தெரியாது. தமிழில் எழுதத் தைரியம் வந்ததும் அதனால்தான். ஆனால் உங்களுக்குத் தெரியும். இப்போது கல்லைப் பற்றி அறிந்தவன் நான் மட்டும் இல்லை.

நாளை சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு வெர்னா கேட்பாள்: "யோசிச்சியா நேட்?" அதற்குப் பின் வரும் வரியை நான் எழுதப்போவதில்லை. எழுதிவிட்டால் சொன்ன மாதிரி ஆகிவிடும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இதோ, இடம் விட்டிருக்கிறேன்.

நான்: