சனிக்கிழமைக் கிளாஸ்

அக்காவுக்கு ஒரு தீர்ப்பு வேண்டியிருந்தது. அதைச் சொல்லத் தகுதியானவன் தம்பி ஒருவன்தான் என்று அவளே முடிவு கட்டி, சனிக்கிழமை மத்தியானம் அவனை வரச்சொல்லியிருந்தாள். தம்பி ஒரு பெரிய ஹோட்டல் பாரில் மது கலக்கிக் கொடுக்கிற வேலையில் இருக்கிறவன். சாயந்திரம் அங்கே நிற்க வேண்டும் என்பதால் இஸ்திரி போட்ட சட்டையைக் கையோடு கொண்டுவந்து ஆணியில் மாட்டினான்.

சமையலறை மேஜையில் எல்லாம் தயாராக இருந்தது. ஆறவைத்த கடுங்காப்பி ஒரு குவளை, க்ரீம், கெட்டிப்பால், ஐஸ், மூடி போட்ட எவர்சில்வர் பாட்டில். நடுவில் பாதிக்கு மேல் காலியான ஒரு கறுப்புக் கண்ணாடி பாட்டில், காப்பி சேர்த்த இனிப்பு மது. பக்கத்தில் இருமல் மருந்தோடு வந்த அளவு மூடி.

"அவருக்குக் கலக்கிக் கொடுத்த மாதிரியே உனக்கும் கலக்கித் தரேன். குடிச்சுப் பார்த்துச் சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

"இது ஒரு மனுஷனைக் கொல்ற அளவான்னு."

தம்பி அவள் முகத்தைப் பார்த்தான். போன மாதம் புருஷனின் சாவு வீட்டில் அழாத முகம் அது. வந்தவர்களிடமெல்லாம் "குடிதான் கொண்டுபோச்சு" என்று ஒரே வரியைச் சொல்லிக்கொண்டு நின்றாளே ஒழிய, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். ஊர் வாய்க்கென்ன, அதற்கு வேறு வேலை இல்லை. அந்த ஒரு வரிக்குப் பின்னால் அவள் விழுங்கிக்கொண்ட இன்னொரு வரி யாருக்குத் தெரியும்? குடி கொன்றது என்றால், ஊற்றிக் கொடுத்த கை அவளுடையது.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு காலத்தில் மொடாக்குடி. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் மேலே ஏற்றி அனுப்புகிற மனுஷனுக்குச் சம்பள நாளில் சொந்த வீட்டு மூன்றாம் மாடி ஏற இரண்டு ஆள் வேண்டும். அடித்துப் பேசி, அழுது பேசி, பேசாமலும் இருந்து பார்த்துவிட்டாள். கடைசியில் தம்பிதான் ஒரு வழி சொன்னான்.

"ஒரேயடியா நிறுத்துன்னா மாமா நிறுத்த மாட்டாரு. வாரத்துல ஒரு நாள், ஒரு கிளாஸ். காப்பி, க்ரீம், பால் எல்லாம் போட்டு. வயிறு ரொம்பிடும், ரெண்டாவது கேக்காது."

அலமாரிச் சாவி அவள் இடுப்புக்கு வந்தது. சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அவளே அளந்து, அவளே ஊற்றி, நுரை பொங்கக் குலுக்கி, மேலே துளி காப்பித்தூள் தூவி வைப்பாள். கிளாஸ் காலியாகும்வரை எதிர் நாற்காலியில் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பாள். வாரத்தில் அவள் உட்கார்வதே அந்த ஒரு தடவைதான். பகலெல்லாம் செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகத்துக்குப் பசை தடவுகிற வேலை, வந்தால் துணி, பாத்திரம், சமையல். சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டே முடித்துவிடுவாள். அந்தப் பசை நெடியில் அவள் மூக்கு செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. பால் தீய்ந்தால்கூடப் புகையைக் கண்ணால் பார்த்துத்தான் ஓடுவாள்.

புருஷன்மேல் அவளுக்கு இரண்டு மனத்தாங்கல். புது பாட்டில் வாங்கி வந்தால் மூடி ஏற்கெனவே திறந்திருக்கும். "உனக்குக் கை வலிக்குமேன்னு நானே திருகி வச்சுட்டேன்" என்பார். கை வலியாம், கை வலி! வழியிலேயே ஒரு வாய் போட்டிருப்பார் என்று அவள் வாய்க்கு வந்தபடி பேசுவாள். அவர் சிரிப்பார். இரண்டாவது, அந்த ஒரு கிளாஸை ஒரு யுகமாகக் குடிப்பார். எந்த மாடியில் யார் மாட்டிக்கொண்டார்கள், வெளியே வந்ததும் என்ன சொன்னார்கள் என்று கதை கதையாக அளப்பார். ஐஸ் கரைந்து தண்ணீராகும். "சீக்கிரம் முடிங்க, எனக்கு வேலை கெடக்கு" என்று இவள் கிளாஸையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அது எதனால் நின்றது என்று அவள் கேட்கவில்லை. பதில் அலமாரிக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டாள்.

இப்போது அளவு மூடியை விளிம்புவரை நிரப்பினாள். விளிம்பு தாண்டி மேஜையில் கொஞ்சம் சிந்தியது. காப்பி, கெட்டிப்பால், க்ரீம், ஐஸ் எல்லாம் போட்டு மூடிக் குலுக்கினாள். பழகிய கை, நுரை திரண்டு வந்தது. தூளைத் தூவித் தம்பி முன்னால் வைத்தாள்.

தம்பி முகர்ந்தான். ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்துவிட்டுக் கறுப்பு பாட்டிலை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். உள்ளங்கையில் துளி விட்டு நக்கிப் பார்த்தான்.

"அக்கா, இதுல சரக்கே இல்லை."

"கிண்டல் பண்ணாதடா."

"சத்தியமா. காப்பியும் கருக்கின சக்கரையும்தான். பச்சப்புள்ளைக்குக் கூடக் கொடுக்கலாம்."

அவள் பாட்டிலைப் பிடுங்கி மூக்கில் வைத்தாள். அவளுக்கு என்ன தெரியப்போகிறது. பிறகு ஏதோ நினைவு வந்தவளாகப் போனை எடுத்து, புருஷனோடு ஜோடியாக வேலை பார்த்தவரைக் கூப்பிட்டாள். கண்ணாடி தடிமனாக இருப்பதால் எல்லாருக்கும் அவர் சோடாபுட்டி. தம்பிக்கும் கேட்கும்படி போனை மேஜையில் வைத்தாள்.

அந்த பாட்டிலில் என்னதான் இருந்தது என்று சோடாபுட்டியிடம் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன் அண்ணி. அண்ணன் அதத் தொட்டு வருஷக்கணக்காச்சு. ஒரு தடவை காய்ச்சலோட உக்காந்து ஊத்திக் கொடுத்தீங்களாம். உடம்பு அனலா கொதிக்குது, ஆனா நீங்க நாற்காலிய விட்டு எந்திரிக்கலியாம். அன்னிக்கே விட்டுட்டாரு. மெஷின் ரூம்ல கரண்ட் அடுப்பு வச்சு சக்கரையக் கருக்குவாரு. பாட்டிலக் கழுவி நான்தான் ஊத்துவேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நானும் கேட்டேன் அண்ணி. அவ்வளவு திட்டு வாங்கறீங்களே, சொல்லிட வேண்டியதுதானேன்னு. 'விட்டுட்டேன்னு சொன்னா அவ எந்திரிச்சுப் போயிடுவாடா'ன்னாரு."

போனை யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பாத்தியா, உன் கையில ஒரு பாவமும் இல்லை. பனைமரத்தடியில உக்காந்து பாலைக் குடிச்சிருக்காரு மனுஷன், நாமதான் கள்ளுன்னு நெனச்சுட்டோம்."

வாஸ்தவம்தான். ஒரு மாதமாக நெஞ்சில் கிடந்த கல்லை யாரோ புரட்டித் தள்ளியது போலிருந்தது. ஆனால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது, அது இன்னும் கனமாக இருந்தது. செய்யாத குற்றத்துக்குச் சாவு வீட்டில் நின்று அவர்மேல் பழி போட்டிருக்கிறாள். அதுகூடப் பரவாயில்லை. அத்தனை சனிக்கிழமையும் கிளாஸைப் பார்த்தாளே ஒழிய எதிரில் இருந்த ஆளைப் பார்க்கவில்லை. மாட்டிக்கொண்டவர்கள் கதையில் ஒன்றாவது முழுசாக நினைவிருக்கிறதா என்று தேடினாள். யாரோ ஒரு மணப்பெண், ஆறாவது மாடி, அதற்குமேல் வரவில்லை. அப்போதுதான் அழுதாள். மேஜையில் தலையைக் கவிழ்த்து, சிந்திய இனிப்பு கன்னத்தில் ஒட்ட ஒட்ட அழுதாள்.

அவள் ஓய்ந்து முகம் கழுவி வரும்வரை தம்பி காத்திருந்தான். மீதியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்து சட்டையை எடுத்தான்.

"கிளம்பறேன்க்கா. இப்ப போனாத்தான் பஸ் கெடைக்கும்."

அவள் பாட்டிலைத் திறந்து அளவு மூடியில் ஊற்ற ஆரம்பித்திருந்தாள்.

"இரு. இன்னொரு கிளாஸ் போடறேன்."

"வேலைக்குப் போகணும்க்கா."

"இதுலதான் ஒண்ணுமே இல்லையே."

தம்பி சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினான். அவள் குலுக்கி, ஊற்றி, தூள் தூவி அவன் முன்னால் நகர்த்திவிட்டு, எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவா குடி" என்றாள்.