ஞாயிறு தவறாத அழைப்பு

பொத்தானை அழுத்தியது யார், வீடு எங்கே? ஜேர்மனியின் வுப்பர்டால் நகரில் இருந்த அந்த அவசர உதவி மையத்தின் திரைக்குத் தெரியவேண்டியது இவ்வளவுதான். வீட்டில் தனியே இருக்கும் முதியவர்கள் விழுந்துவிட்டால் கழுத்தில் தொங்கும் பொத்தானை அழுத்துவார்கள். திரையில் பெயரும் முகவரியும் வரும், வாகனம் புறப்படும்.

அதற்கு மென்பொருள் எழுதிய நிசாந், இந்த விவரங்கள் இருக்கும் தரவுத்தளத்திடம் நேரே கேட்கவில்லை. நடுவில் ஓஆர்எம் என்ற இடையாளை வைத்தான். கேள்வியை அதுவே எழுதும், பதிலை அதுவே கட்டிக்கொண்டு வரும். அவனுக்கு அதில் அப்படியொரு பெருமை!

"ஒரு வரியில கேக்கிற கேள்வி இது. ஏன் தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறீர்?" என்று கூட வேலைசெய்த ஜசிந்தா கேட்டாள். "ஆளின்ரை பழைய அழைப்பு எல்லாத்தையும் அது சேத்து இழுத்துக்கொண்டு வருது."

"வரட்டுமன். நான் சோதிச்சுப் பாத்தனான், ஒரு குறையுமில்லை."

சோதித்ததெல்லாம் ஓரிரு தடவை மட்டும் அழைத்த கற்பனை ஆட்களை வைத்துத்தான்.

அவனுக்குப் பழக்கமான முதியவர் சூசைதாசன் அண்ணையின் கழுத்தில் பொத்தானை மாட்டிவிட்டவனும் அவன்தான். மனைவி பிளோறன்ஸ் வேலைக்குப் போனால் மனிசன் வீட்டில் தனி. "கூச்சப்படாதேங்கோ அண்ணை. ஒவ்வொரு ஞாயிறும் பூசையால வந்து ஒருக்கா அமத்திப் பாருங்கோ, வேலை செய்யுதோ எண்டு," என்று சொல்லியிருந்தான். அந்தச் சோதனை அழுத்தல் ஒவ்வொன்றும் மையத்தில் ஓர் அழைப்பாகவே பதிவானது.

மாசியில் ஒரு காலை அண்ணை குளியலறையில் வழுக்கி விழுந்தார். பொத்தானை அழுத்தினார். மையத்துத் திரையில் வட்டம் சுற்றியது. ஆண்டுக்கணக்கான ஞாயிறுகளின் குரற்பதிவுகளும் குறிப்புகளும் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன, முகவரி வரவில்லை. அங்கிருந்த பெண் திரையை மூடித் திறந்தாள். பாழாய்ப்போன வட்டம் மறுபடி முதலிலிருந்து சுற்றியது. வாகனம் போய்ச் சேர்ந்தபோது தலை உடைந்து இரத்தமெல்லாம் போயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

ஜசிந்தா அவனை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாய் இருந்திருக்கும். தான் அன்று சொன்ன ஒரு வரிக் கேள்வியை எழுதி ஓட்டினாள். கண்ணிமைக்க முன் அண்ணையின் பெயரும் முகவரியும் வந்து நின்றன.

எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் செத்தவீட்டுக்குப் போனான். பிளோறன்ஸ் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, மையத்தில ஏதோ சுணக்கமாம். இவர் பிழையா அமத்திப்போட்டாரோ?"

"இல்லை அக்கா..."

"ஓம், அப்பிடி இருக்காது," என்று அவளே கண்ணைத் துடைத்தாள். "நீர் சொன்ன சொல்லுக்காக ஒரு ஞாயிறும் விடாமல் அமத்திப் பழகின மனிசன்."