அலமாரிக் கதவில் காயாத வரி

அந்த ஊரில், இனி நடக்கப்போவதைப் பற்றி எழுதிய வரி எதுவும் அது நடந்து முடிகிறவரை காயாது. நடந்தால் அந்த நிமிஷமே காய்ந்துவிடும். நடக்க வழியே இல்லை என்றாகிவிட்டால் எழுத்துகள் குழைந்து, வழிந்து, இறங்கிப் போய்விடும். கையால் எழுதினாலும் அச்சில் அடித்தாலும் இதே கதிதான். வெளியூர்க்காரர்கள் வந்த புதிதில் வாயைப் பிளப்பார்கள். ஒரு வாரத்தில் அவர்களும் ஈர எழுத்தை மூடி வைக்க வீட்டுக்கு எண்ணெய்த்தாள் வாங்கிப் போவார்கள். தபால் நிலையத்தில் கடிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்கக் கொடி கட்டியிருந்தது. தையல்காரரின் ரசீதில் 'வெள்ளிக்கிழமை தருவேன்' என்ற வரி சனிக்கிழமை காலையில் தவறாமல் வழிந்ததால் அவர் மேஜை வருஷம் முழுக்க நீலமாகவே கிடந்தது. தேர்தல் முடிந்த மறுமாதம் நகராட்சி ஆட்கள் சுவர்களைக் கழுவ வருவார்கள். அதற்கென்றே தனி வாளிகள் இருந்தன.

சர்ச் தெருவில் பைண்டிங் கடை வைத்திருந்தவளைப் பசைக்கை என்றுதான் கூப்பிடுவார்கள், அதுவும் அவள் காதுபடவே. அதற்கு மட்டும் கோபப்பட மாட்டாள். மற்ற எல்லாவற்றுக்கும் படுவாள். அச்சாகி வரும் வேதாகமத் தாள்களை மடித்து, தைத்து, பசை போட்டு, அட்டை கட்டுவது அவள் பிழைப்பு. எந்தப் பக்கம் காய்ந்தது, எது ஈரம் என்று கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் சொல்லிவிடுவாள். தீர்க்கதரிசிகளின் பகுதியில் தொல்லை குறைவு. மீட்பர் சின்ன ஊரொன்றில் பிறப்பார், கழுதைக் குட்டிமேல் ஏறி வருவார், வெள்ளிக்காசுக்கு விலைபேசப்படுவார், அவருடைய உடுப்புக்குச் சீட்டுப் போடுவார்கள் என்ற வரிகளெல்லாம் அச்சு இயந்திரத்திலிருந்து இறங்கும்போதே எலும்புபோலக் காய்ந்திருக்கும். கடைசிப் பக்கங்கள்தான் அவள் உயிரை எடுத்தன. அவர் திரும்ப வருவார், செத்தவர்கள் எழுந்திருப்பார்கள், கண்ணீரெல்லாம் துடைக்கப்படும் என்கிற வரிகள் சொதசொதவென்று இருக்கும். அவை காய்வதும் இல்லை, வழிவதும் இல்லை. ஒரு மரக்கடைக்காரர் மீட்பர் திரும்பி வருகிற தேதியைத் தானே கண்டுபிடித்து ஓரத்தில் எழுதி வைத்தார். குறித்த நாள் கழிந்ததும் தேதி வழிந்து அவர் சட்டையைக் கெடுத்தது, பக்கத்தில் இருந்த வரி அசையாமல் நின்றது.

அந்தச் சர்ச்சில் எப்படி வந்து சேர்ந்தது என்று யாருக்கும் தெரியாத, தீர்க்கதரிசிகளின் வரிகள் எழுதிய ஒரு பழைய தோல்சுருள் இருந்தது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், எல்லாம் நடந்த பிறகு எழுதியிருந்தால் காய்ந்துதானே இருக்கும், இதில் என்ன அதிசயம் என்று கேட்டபோது போதகர் அதை விரித்துக் காட்டினார். காய்ந்த வரிகள் ஒவ்வொன்றுக்கும் எதிரே, சுருட்டினால் ஒட்டும் இடத்தில், அதே எழுத்துகள் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பி ஒற்றியிருந்தன. ஒரு காலத்தில் ஈரமாக இருக்காத வரி அப்படி ஒற்றாது. ஆசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். போதகர் பைண்டிங் கடைக்கு வந்தும் அதையே சொன்னார்: "நூறு நூறு வருஷமா ஈரமாவே இருந்திருக்கும்மா. நம்பினவங்க விரல்ல நீலத்தோடயே செத்துப்போனாங்க. அப்புறம் ஒரே ஒருத்தரோட ஆயுசுக்குள்ள மளமளன்னு காஞ்சுது. அதைக் காயவெச்சவர் மிச்சத்தையும் காயவைப்பார்." பசைக்கை ஊசியை நிறுத்தவில்லை. "காஞ்சது காஞ்சிருக்கட்டும் ஐயா. ஈரத்தை யாரு துடைக்கறது? நான்தானே?" என்றாள்.

அவள் புருஷன் நெட்டை, மலையைக் குடைந்து ரயில்பாதை போடுகிற சுரங்கத்தில் வேலை பார்த்தான். வாக்குக் கொடுப்பதில் தாராளம், நிறைவேற்றுவதில் சாவகாசம். எதையும் அலமாரிக் கதவின் உள்பக்கம் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போவான். கூரை ஒழுகுவதை அடைக்கிறேன் என்ற வரி இரண்டு மழைக்காலம் கழித்துக் காய்ந்தது. மீசையை எடுத்துவிடுகிறேன் என்பதற்குப் பதினோரு வருஷம் ஆனது. உங்கம்மாவைக் கடைசிவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்ற வரி, மாமியாரின் தலை அவன் மடியில் சாய்ந்த மத்தியானம் காய்ந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, கல்யாணத்தன்று எழுதியது: 'உன் கையைப் பிடிச்சுக்கிட்டுதான் என் உசுரு போகும்.' பதினாறு வருஷமாக ஈரம். அவள் நல்ல புடவை இரண்டு அதனால் பாழானது. கதவின்மேல் எண்ணெய்த்தாள் ஒட்டி, கறை ஊறிப்போனால் கழற்றி, மூலையில் அன்றைய தேதியைக் குறித்து அடி இழுப்பறையில் போட்டுவைப்பாள். பைண்டிங்காரிக்குக் காகிதத்தைத் தூக்கிப்போட மனசு வராது.

சுரங்க வாசலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. உள்ளே போகிற ஒவ்வொருவனும் தன் பெயருக்கு நேரே 'வெளியே வருவேன்' என்று எழுதிவிட்டுப் போகவேண்டும். ஆள் வெளியே வந்தால் வரி காயும், செத்தால் வழியும். முப்பது வருஷத்தில் பலகை ஒருமுறைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பசைக்கைக்கும் நெட்டைக்கும் ஜன்னல் தாழ்ப்பாள் விஷயமாகச் சண்டை. "உங்க வாக்குல எதுக்காவது நாள் இருக்கா, நேரம் இருக்கா? எல்லாம் ஒருநாள், ஒருநாள்! ஆம்பளையா இருந்தா ஒரு தடவையாவது மணி போட்டு எழுதுங்க பாப்போம்!" என்று அவள் கத்தினாள். அவன் சாப்பிடாமல் போனான். பலகையில் மற்றவர்களைவிட நீளமாக ஏதோ எழுதினான். என்னவென்று யாரும் படிக்கவில்லை. பகல் இரண்டு மணிக்கு மலை உள்ளே சரிந்தது. சாயங்காலம் சரியாக ஆறு மணிக்கு, ஊரே பார்த்துக்கொண்டிருக்க, நெட்டையின் வரி குழைந்து வழிந்து பலகையின் அடியில் நீலமாகச் சொட்டியது.

மற்ற ஆறு பேரின் வரி ஈரமாகவே நின்றது. புதன்கிழமை அவர்களைத் தோண்டி எடுத்தார்கள், ஆறும் காய்ந்தது. நெட்டை மட்டும் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைப் பார்க்கப் பக்கச் சுரங்கத்துக்குப் போயிருந்தான் என்றார்கள். அங்கே ஊற்று உடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் பெருகிக் கீழே இருக்கும் வீடுகளை அடித்துப்போகாமல் இருக்க, வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கச் சுரங்கத்தின் வாயைக் கான்கிரீட் போட்டு அடைப்பது என்று இன்ஜினியர் முடிவெடுத்தார். கெட்டவர் இல்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் வேதம் வாசிப்பவர், குரல் கணீரென்று இருக்கும். சொல்லிவிடத் தானே வீட்டுக்கு வந்தார். பசைக்கை அழவில்லை. அவர் போனபிறகு, கட்டிக்கொள்ள மாற்றுப் புடவை எடுக்க அலமாரியைத் திறந்தவள், எண்ணெய்த்தாளை விலக்கிப் பார்த்தாள். மேலே இருந்த வரி ஈரமாக, ஒரு எழுத்துகூடக் கலையாமல் இருந்தது. அவன் செத்திருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சாகவில்லை. அப்படியானால் இது வழிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அவளுக்குத் தான் செவ்வாய்க்கிழமை காலையில் கத்தியது ஞாபகம் வந்தது. அடப்பாவி மனுஷா, மணி போட்டு எழுதினாயா என்று கதவைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

கொழுந்தன் கீலைக் கழற்றிக் கொடுத்தான். இருவருமாகக் கதவைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சுரங்க வாசலுக்குக் கொண்டுவந்தபோது வெள்ளிக்கிழமை காலை மணி பத்தரை. கான்கிரீட் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. இன்ஜினியர் கதவைப் படித்தார், கட்டைவிரலால் தொட்டார், விரல் நீலமானது.

"பலகை பொய் சொல்லாதும்மா. வழிஞ்சுபோச்சே, நானே பாத்தேனே" என்றார்.

"ஆறு மணிக்கு வீட்ல இருப்பேன்னு எழுதியிருக்காரு சார். ஆறு மணிக்கு வீட்ல இல்லை, வழிஞ்சுது. அவ்வளவுதான்."

"அவர் எழுதினது உனக்கு எப்படித் தெரியும்?"

"அப்படி எழுதச் சொல்லித் திட்டினதே நான்தானே!"

இன்ஜினியர் கதவையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். உள்ளே பன்னிரண்டு பேரை இறக்கவேண்டும், ஊற்று ஏறுகிறது, கீழே நாற்பது வீடு. ஒரே கை எழுதிய இரண்டு வரியில் ஒன்று ஏற்கெனவே பொய்த்திருக்கிறது, இன்னொன்றை எதை வைத்து நம்புவது என்று கேட்டார். பசைக்கை கீழே இருந்த இருபத்திரண்டு வரிகளைக் காட்டினாள். நாள் குறிக்காமல் அவன் சொன்னது ஒன்றுகூட வழிந்ததில்லை. அதெல்லாம் செய்து முடித்தபிறகு எழுதினதாக இருந்தால், என்று அவர் இழுத்தார். அவள் அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தாள். முந்தானையில் சுற்றி வைத்திருந்த பதினாறு வருஷத்து எண்ணெய்த்தாள்களை எடுத்து மண்ணில் பரப்பினாள். ஒவ்வொன்றிலும் அந்தந்தத் தேதிக்கு எது ஈரமாக இருந்ததோ அது திரும்பி ஒற்றியிருந்தது. கூரை இருந்தது, மீசை இருந்தது, அம்மா இருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை நீங்க வாசிக்கறீங்களே சார், கடைசிப் பக்கம், அது இன்னும் ஈரம். நான்தான் தைக்கறேன், எனக்குத் தெரியாதா? எதை வெச்சு நம்பி வாசிக்கறீங்க? முன்னாடி இருக்கறதெல்லாம் சொன்னபடி காஞ்சிருக்குன்னுதானே? அது உங்களுக்கு நெசம்னா, இதுவும் நெசம். இது பொய்னா, அந்தப் புஸ்தகத்தை மூடி வெச்சிடுங்க."

சொல்லி முடித்தபிறகுதான் தான் என்ன பேசினோம் என்று அவளுக்கே உறைத்தது. பதினாறு வருஷம் போதகரிடம் வாயடித்தவள் அவள். கூட்டத்தில் நின்றிருந்த போதகர் தரையைப் பார்த்துக்கொண்டார். இன்ஜினியர் சட்டைக்காலரைத் தளர்த்தி, இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். கீழே இருக்கிற வீடுகளைக் காலி செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். யார் வருகிறீர்கள் என்று அவர் கேட்பதற்கு முன்பே, காய்ந்துபோன வரிக்காரர்கள் ஆறு பேரும் கடப்பாரையைத் தூக்கிவிட்டார்கள்.

ஒரு நாளுக்கு மேல் தோண்டினார்கள். பசைக்கை கதவை வாசலில் நிறுத்தி அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் வரியின் கடைசி எழுத்து தடித்தது. அதன் காலில் ஒரு சொட்டு திரண்டது. உளுந்தளவு இருந்தது பட்டாணியளவு ஆனது. யாரோ துணியால் ஒற்றப் போனார்கள். அவள் கையைத் தட்டிவிட்டாள். ஒற்றி என்ன பிரயோசனம்? "சீக்கிரம்! சீக்கிரம்!" என்று சுரங்கத்துக்குள் கத்தினாள், தொண்டை கட்டிப்போய் வெறும் காற்று வந்தது. மூன்று மணிக்குச் சொட்டு எழுத்தைவிட்டுப் பிரிந்து நூல்போல ஒன்றில் தொங்கியது. மூன்று இருபதுக்கு, சுரங்கத்துக்குள்ளே கடப்பாரை ஓட்டை போட்டுக் காற்றுப் போன சத்தம் கேட்டது. சொட்டு நின்றது. பிறகு தவழ்ந்து மேலே ஏறி எழுத்துக்குள் போய் அடங்கியது. கொழுந்தன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

நெட்டையை ஒரு மரப்பலகையில் கிடத்திக் கொண்டுவந்தார்கள். கண் திறக்கவில்லை, மூச்சு இழுத்தது. பசைக்கை ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தாள். பிடித்த மறுகணம் கதவு நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். முதல் எழுத்து காய ஆரம்பித்திருந்தது. நெருப்பைத் தொட்டதுபோலக் கையை உதறி விட்டுவிட்டாள். காய்ந்த எழுத்து மறுபடி நனைந்தது. ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாளும் இரண்டு கையையும் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அதன்பிறகு இருபத்தாறு வருஷம் அவர்கள் கை பிடித்துக்கொள்ளவில்லை. தெருவில் போனால் ஆளுக்கொரு முனையாகக் குடையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைப்பாள். இரண்டு முறை அவனுக்கு நிமோனியா வந்து டாக்டர் கையை விரித்தார், பசைக்கை கையை மடக்கிக்கொண்டாள், அவன் பிழைத்தான். சாகாவரம் வாங்கினவன் என்று ஊரில் கேலி செய்தார்கள். ஆனால் சுரங்கத் தூசு நுரையீரலை விடவில்லை. கடைசி வருஷம் ஒரு மூச்சு விடுவதற்குள் அவன் முகம் நீலம் பாரித்தது. படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. ஒரு மத்தியானம் கையை நீட்டினான்.

"போதும்டி. குடு."

"மாட்டேன்."

"எழுதிக் குடுத்தாச்சு. என்னைப் பொய்யனாக்காதே."

அவள் எழுந்து கடைக்குள் போனாள். அட்டை கட்டாத வேதாகமம் ஒன்றின் கடைசித் தாள்களை எடுத்துவந்து கட்டிலில் வைத்தாள். எண்ணெய்த்தாளை விலக்கி, மரணம் இனி இருக்காது என்கிற வரியின்மேல் இடது கையை வைத்தாள். வழக்கம்போல ஈரம். முன்னால் சொன்னதெல்லாம் காய்ந்தது, இதுவும் காயும் என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். பிறகு வலது கையைக் கொடுத்தாள். அவன் இறுகப் பிடித்தான். கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், தாழ்ப்பாளைப் பற்றித்தான். மூன்றே முக்காலுக்குக் கதவு வரி காய்ந்தது. இடது கையின் கீழ் இருந்த வரி அப்படியே ஈரமாக இருந்தது.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கு அவள் அலமாரியைத் திறந்து, அவனுடைய வரிகளுக்குக் கீழே, வாழ்நாளில் முதல்முறையாகத் தானும் ஒன்று எழுதினாள்: 'உங்களை மறுபடியும் பாப்பேன்.' நாள் குறிக்கவில்லை. ஏழு வருஷம் கழித்து அவளும் போனாள். அன்று தள்ளாத வயதிலிருந்த போதகரும் இன்ஜினியரின் மகளும் வந்து கதவைத் திறந்து பார்த்தார்கள், வரி வழியவில்லை. இப்போது அந்த வீட்டில் ஒரு கண்ணாடிக் கடைக்காரர் குடியிருக்கிறார். வரி இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. அவர் மனைவி அதன்மேல் எண்ணெய்த்தாள் ஒட்டி, வெள்ளைத் துணிகளை மட்டும் வேறு தட்டில் அடுக்கிக்கொள்கிறாள்.