நெருப்பு இடக்கைப் பக்கம்

திரை தூக்க அரை மணி நேரம்கூட இல்லை. லியோனா அக்கா காலில் கட்டியிருந்த, கூழாங்கல் போட்ட பால் டின் சலங்கையை அவிழ்க்க ஆரம்பித்தாள். நாடகத்தை இயக்குபவள் நான்.

"என்னக்கா ஆச்சு?"

"உன் படத்தைப் பாருடி. எல்லாரும் எதிர்ப்பக்கமா சுத்துறாங்க."

பின்திரையில் ஓடிய படத்தில் எங்கள் குடும்பம் நெருப்பைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. நாடகத்தில் அக்கா அதன்முன் சேர்ந்து ஆட வேண்டும். போன வருடம் காலமான பெரியம்மா, அதாவது அக்காவின் அம்மா, முன்னால் போனாள். எங்கள் ஆட்டத்தில் நெருப்பு எப்போதும் இடக்கைப் பக்கம்தான் இருக்க வேண்டும். படத்தில் அது வலக்கைப் பக்கம் இருந்தது.

படம் ஓட்டும் கார்ல் தலையைச் சொறிந்தான். "நான்தான் மத்தியானம் படத்தை இடவலமா திருப்பிப் போட்டேன். படத்துல வீட்டு வாசல் இடது பக்கம், குடியேறிங்களா நடிக்கிறவங்க மேடைக்கு வர்றது வலது பக்கம். நேத்து ஒத்திகையில சுவத்துக்குள்ள நுழைஞ்சாங்களே!"

"ஆட்டத்தை மட்டும் நேராக்கு."

"மொத்தமும் ஒரே படம். பிரிக்க நேரமில்ல. அந்தம்மாவ மறுபக்கமா சுத்தச் சொல்லுங்களேன். அவங்க ஒரே ஆளு. குடியேறிங்கள மாத்தணும்னா ஒரு கூட்டத்தையே மாத்தணும். யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. கிட்டத்தட்ட இருநூறு வருடம் முன்பு இதே மலையடிவாரத்தில்தான் அரசாங்கம் எங்கள் செரோக்கி பழங்குடி ஜனங்களைத் துப்பாக்கி முனையில் வீட்டைவிட்டு விரட்டி, குலுக்கலில் சீட்டு விழுந்த வெள்ளைக்காரர்களுக்கு அந்த வீடுகளைக் கொடுத்தது. அதை நடித்துக் காட்டத்தான், அன்று விரட்டப்பட்டுப் போய்ச் சேர்ந்த ஓக்லஹோமாவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தோம். இங்கே வந்த பிறகும் நகரச் சொல்வது எங்களைத்தான்.

"படத்தை நிறுத்திடவா, அக்கா?"

"அம்மா ஆடணும். நானும் ஆடணும். ஆனா அம்மாவ வச்சுக்கிட்டு தப்புப் பக்கம் சுத்த மாட்டேன்." இரண்டாவது சலங்கையிலும் கை வைத்தாள்.

முதல் குடியேறியாக நடிக்கும் ட்வைட் முன்னால் வந்தார். உள்ளூரில் தீவனக் கடை வைத்திருப்பவர். அவருடைய முன்னோர் சீட்டு விழுந்து நிலம் பெற்றவர்கள். தொப்பியைச் சரிசெய்துகொண்டு தன் ஆட்களைப் பார்த்தார்.

"பெட்டியத் தூக்குங்கப்பா. நாம அந்தப் பக்கமா வர்றோம்."

"ஒத்திகை இல்லாம இருட்டுல முட்டிப்பீங்க," என்றான் கார்ல்.

"முட்டிக்கிறோம். நீ படத்த நேராப் போடு."

அக்கா நிமிர்ந்தாள். "வழி தெரியுமா? பின்னாடி துப்பாக்கி வச்சுத் தள்ள ஆள் அனுப்பட்டுமா?"

ட்வைட் முகம் சிவந்தது. "வேணாம்மா. நாங்களே போயிடறோம்."

அக்கா சலங்கையைத் திரும்பக் கட்டினாள்.

குடியேறிகள் நுழையும் காட்சி வந்தபோது நான் மேடை ஓரத்தில் நின்றேன். இருட்டில் பெட்டி எதிலோ இடித்தது. யாரோ விழுந்தார்கள். பழகாத பக்கத்திலிருந்து, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி, வாசலைத் தேடித் தடவித் தடவி வந்தார்கள். அடுப்பில் எங்கள் ஜனங்கள் விட்டுப்போன சோளக்கஞ்சி ஆவி பறந்துகொண்டிருந்தது. நாடகப்படி அதைப் பார்த்து ட்வைட் வாய்விட்டுச் சிரிக்க வேண்டிய இடம் அது. அவர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

பிறகு திரையில் நெருப்பு வந்தது. அக்காவின் டின்கள் ஒலித்தன. எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. நெருப்பு இடக்கைப் பக்கம் இருந்தது. பெரியம்மா முன்னால் போக, அக்கா அவள் பின்னாலேயே போனாள்.